முதல் தட்டு

மேல வீதியிலிருந்து பிரிகிற அந்தச் சந்தில் தனத்தைப் பார்த்துப் பொறாமைப்படாத மருமகள் கிடையாது. மற்ற வீடுகளில் மருமகள் என்பவள் எல்லாருக்கும் போட்டுவிட்டு, சட்டியை வழித்து, அடியில் ஒட்டியதைக் கடைசியாகத் தின்கிறவள். ஜகதாம்பாள் வீட்டிலோ மருமகள்தான் முதலில் சாப்பிடுவாள். மாமியாரே பக்கத்தில் உட்கார்ந்து, "எல்லாத்தையும் போட்டுக்க, எதையும் விட்டுடாத" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட வைப்பாள். பக்கத்து வீட்டுக் கார்த்யாயினி இதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் குழாயடியில் போய்ச் சொன்னாள்.

"குடுத்து வச்சவ. இந்த வயசுல எனக்கும் ஒரு மாமியா வாச்சிருக்கே. நான் சோத்துல கை வச்சாத்தான் அதுக்குத் தண்ணி தாகமே எடுக்கும்."

கார்த்யாயினி பார்த்தது உண்மைதான், ஆனால் பாதி. இன்னும் கொஞ்ச நேரம் ஜன்னலில் நின்றிருந்தால் மீதியும் தெரிந்திருக்கும். ஜகதாம்பாள் மருமகளின் தட்டைப் பார்ப்பதில்லை, முகத்தைப் பார்ப்பாள். மருமகள் கை கழுவிய பிறகு கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். பெரிய முள் பாதி வட்டம் சுற்றி வரும்வரை அந்த வீட்டில் வேறு யாரும் சோற்றில் கை வைக்கமாட்டார்கள். அதுவரை தனம் அவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். தன் கையால் சமைத்ததைத் தானே முதலில் தின்று, தான் இன்னும் சாகவில்லை என்று வேளாவேளைக்குக் காட்டுவதுதான் அவள் கொடுத்து வைத்த லட்சணம். ஏழு வருஷமாக அதைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

தனம் பண்ருட்டிப் பக்கம் அண்ணாகிராமத்துப் பெண். அப்பா ராமாமிர்தத்துக்கு ஊருக்கு மேற்கே முந்திரித்தோப்பு இருந்தது. 2004 வைகாசியில் அவளைச் சிதம்பரத்தில் நடராஜுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நடராஜ் அண்ணாமலை நகரில் விடுதிகளுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். மெதுவாகப் பேசுவான், யாரோடும் சண்டைக்குப் போகமாட்டான். பெண் வீட்டார் இதைப் பெரிய குணமாக எடுத்துக்கொண்டார்கள். யாரோடும் சண்டைக்குப் போகாத ஆண்பிள்ளை பெண்டாட்டிக்காகவும் போகமாட்டான் என்பது அப்போது யார் புத்திக்கும் எட்டவில்லை. மாமனார் அம்பலம் காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் மாமியார் ஜகதாம்பாளும் நடராஜின் தங்கை ஞானாம்பாளும்தான். ஞானாம்பாளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிற பின்னல். அந்தப் பின்னலைப் பார்த்துச் சொக்கிப்போய்த்தான் ஸ்ரீமுஷ்ணத்து மாப்பிள்ளை வீட்டார் தையில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள்.

கொல்லையில் ஒரு பக்கம் மூங்கில் வேலி. அதன் கோடியில் மாமனார் வைத்த வள்ளிக்கிழங்குக் கொடி படர்ந்திருந்தது. மீதி வேலி மொட்டையாகக் கிடந்ததால் குளிக்கிற இடம் பின்சந்துக்குத் தெரிந்தது. புது மருமகளுக்கு அது பெரிய இம்சை. ஆடிக்குப் பிறந்த வீடு போய்த் திரும்பும்போது தோப்பு வேலியிலிருந்து கலப்பைக்கிழங்கை எடுத்து, ஈரப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து அந்த மொட்டை வேலியோரம் நட்டாள். கலப்பை மாதிரி வளைந்திருப்பதால் அந்தப் பெயர். மழை விழுந்தால் முளைக்கும். இலை நுனியையே சுருட்டி, கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு ஏறும். ஐப்பசி கார்த்திகையில் பூக்கும், மார்கழியில் காய்ந்து தரையோடு போகும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கிடந்து அடுத்த மழைக்குத் தலைநீட்டும். ஒரு தடவை நட்டால் வேலிக்கு வேறு கவலை வேண்டாம்.

நட்ட அன்றைக்கே நடராஜிடம் சொன்னாள். அவன் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான்.

"மாமா, இந்தப் பக்கம் வச்சிருக்கறது கலப்பைக்கெழங்கு. வெஷம். வள்ளிக்கெழங்குன்னு நெனச்சி யாரும் தோண்டிடாதீங்க."

"நான் எதுக்குத் தோண்டப் போறேன்" என்றான் நடராஜ்.

மாமியாரிடம் சொல்லத் தனத்துக்குத் தைரியம் வரவில்லை. வந்து மூன்று மாதம் ஆகாதவள், விஷக் கிழங்கை வீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? புருஷனிடம் சொன்னால் வீட்டுக்கே சொன்னது போலத்தான் என்று நினைத்துக்கொண்டாள். அவள் செய்த தவறு இது ஒன்றுதான். புருஷனை வீடு என்று எண்ணிக்கொண்டது.

கார்த்திகையில் வேலி முழுக்கப் பூ. ஒவ்வொரு இதழும் அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக, மேலே வளைந்து நெளிந்து நின்றது. ஜகதாம்பாள் இரண்டு பூவைப் பறித்துவந்து வாசல் விளக்கின் பக்கத்தில் வைத்தாள். "என் மருமவ அவுங்க ஊட்லேருந்து கொண்டாந்து வச்சது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். அந்த ஒரு மாதம் தனம் அந்த வீட்டில் சந்தோஷமாக இருந்தாள்.

மார்கழியில் தேரோட்டத்தன்று காலையில் கடல் கரையேறி ஊர்களுக்குள் புகுந்துவிட்டது. கடற்கரைக் கிராமத்து ஜனங்களை வண்டி வண்டியாகக் கொண்டுவந்தார்கள். கடைத்தெருவில் பாதிக் கடை மூடிக் கிடந்தது. மறுநாள் திருவாதிரை. உலகம் முழுகினாலும் திருவாதிரைக்குக் களி கிண்டியாக வேண்டும், களிக்கு ஏழுகறிக் கூட்டு வைத்தாக வேண்டும். ஜகதாம்பாளுக்கு ஏழு என்றால் ஏழுதான். வாழைக்காய், பூசணி, அவரை, கருணை, சேம்பு, மொச்சை என்று ஆறு வீட்டில் இருந்தன. ஏழாவதுக்குக் கடைத்தெரு போன நடராஜ் வெறும் பையோடு திரும்பிவந்தான்.

"ஒங்கப்பா வச்ச வள்ளிக்கெழங்கு கொல்லையில கெடக்குல்ல. போய்த் தோண்டிக்கிட்டு வா" என்றாள் ஜகதாம்பாள்.

தனம் அன்று வீட்டுக்குத் தூரம். வாசல் சந்துப் பக்கத்துச் சின்ன அறையில் பாயைப் போட்டு ஒதுக்கி உட்கார வைத்திருந்தார்கள். அடிவயிற்று வலியில் சுருண்டு படுத்திருந்தாள். நடராஜ் பொழுது சாயும் நேரத்தில் மண்வெட்டியோடு கொல்லைக்குப் போனான். இரண்டு கொடியும் காய்ந்து சருகாகி ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. கோடி எது, நடு எது என்று பார்க்காமல் கைக்கு வந்த இடத்தில் வெட்டினான். கிணற்றடியில் காதில் விழுந்தது அவன் நினைப்பிலேயே இல்லை. மறதி குற்றமில்லை. அன்று அவன் செய்தது மறதி மட்டும்தான்.

காலையில் மூன்று பேரும் களியும் கூட்டும் சாப்பிட்டார்கள். புளியும் காரமும் கசப்பை மூடிவிட்டன. கூட்டு என்றால் ஞானாம்பாளுக்கு உயிர், இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டாள். தூரமானவளுக்குக் கடைசியில்தான் சோறு. தன் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லை வழியாகச் சுற்றிவந்த தனம், வேலியோரம் புதிதாகத் தோண்டிய குழியைப் பார்த்தாள். அது கோடியில் இல்லை.

"ஐயோ அத்தை, கூட்டத் தொடாதீங்க" என்று அவள் கத்தும்போது ஜகதாம்பாள் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தாள்.

மத்தியானத்துக்குள் மூன்று பேருக்கும் வாந்தியும் பேதியும் பிடித்துக்கொண்டன. ஆஸ்பத்திரியில் தாழ்வாரமெல்லாம் கடற்கரை ஜனம். அந்தக் கூட்டத்தில், கிழங்கை மாற்றிச் சாப்பிட்டு மூன்று பேர் வந்தார்கள் என்பது பெரிய செய்தியாகவில்லை. சந்திலும் யாரும் என்ன ஏது என்று துருவவில்லை. ஊரே கடலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. தீட்டாவது ஒன்றாவது என்று தலைமுழுகிவிட்டு, தனம்தான் மூன்று கட்டிலுக்கும் நடுவே ஓடினாள், அலசினாள், துடைத்தாள்.

மூன்றாம் நாள் ஜகதாம்பாளுக்குப் பேச்சு வந்தது. பக்கத்துக் கட்டிலில் ஞானாம்பாள் அரை உயிராகக் கிடந்தாள்.

"அந்தச் செடிய யாருடா வச்சது?"

"தனந்தாம்மா" என்றான் நடராஜ்.

"வெஷம்னு ஒங்கிட்ட சொன்னாளா?"

நடராஜ் தங்கையைப் பார்த்தான். அவள் கையில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்குக் கிணற்றடி நினைவுக்கு வந்தது. கழுத்தெல்லாம் சிவக்க, "சொல்லலம்மா" என்றான்.

தனம் கஞ்சித் தூக்கோடு கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள்.

"சொன்னேனே மாமா. கெணத்தடியில கால் கழுவிட்டிருந்தீங்க."

அவன் நிமிரவில்லை. எனக்கு ஞாபகம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது பாதிப் பொய்யாகவாவது இருந்திருக்கும். அதையும் அவன் சொல்லவில்லை.

ஜகதாம்பாள் படுத்தபடியே வழக்கை முடித்துவிட்டாள். செடியைக் கொண்டுவந்தவள் அவள். கூட்டை வாயில் வைக்காதவளும் அவள் ஒருத்திதான். எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு கத்தியவளும் அவள்தான். "டவுன்ல பொறந்து வளந்தவளா இருந்தா தெரியாம வச்சிட்டான்னு சொல்லலாம். இவ முந்திரிக்காட்டுல பொறந்தவ. எது வெஷம்னு இவளுக்கா தெரியாது?" என்றாள். தெரிந்திருந்ததே தனத்தின் கழுத்துக்குச் சுருக்காகிவிட்டது. அன்றைக்கு அவளுக்கு ஒன்றும் தெரியாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பாள்.

பத்து நாள் கழித்து ஞானாம்பாளுக்குத் தலைமுடி கொட்ட ஆரம்பித்தது. முதலில் சீப்பில் கொத்துக் கொத்தாக வந்தது, பிறகு தலையணையில் கிடந்தது. பொங்கலுக்கு அவள் முக்காடு போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். புடவை எடுக்க நாள் பார்க்க வந்த ஸ்ரீமுஷ்ணத்துக்காரர்கள் காபி கூடக் குடிக்காமல் எழுந்துபோனார்கள். ஒரு வருஷத்தில் முடி திரும்ப வளர்ந்தது. மாப்பிள்ளை திரும்ப வரவில்லை. பெண்ணுக்கு ஏதோ வியாதியாம் என்ற பேச்சு ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து கிளம்பி நாலா பக்கமும் போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் நாள் தனம் ரசம் வைத்துச் சாதம் வடித்தாள். ஜகதாம்பாள் அடுப்படி வாசலில் வந்து நின்று, "நீ மொதல்ல சாப்புடு" என்றாள். நாலு நாளாகப் பட்டினி கிடந்து ஓடியாடியவள் என்று இரக்கப்படுகிறாள் போலிருக்கிறது என்று தனம் நினைத்தாள். பைத்தியக்காரி, கண்ணில் தண்ணீர்கூட வந்தது. சாப்பிட்டு எழுந்த பிறகும் மற்றவர்கள் உட்காராமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது.

அவளை அடித்து விரட்டியிருக்கலாம். விரட்டினால் ஊர் காரணம் கேட்கும். காரணம் சொன்னால், விஷம் வைத்த வீடு என்று ஞானாம்பாளுக்கு வரவேண்டிய வரனும் வராது. தனமாவது கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். பிறந்த வீட்டில் தங்கை ராசம்மாள் கல்யாணத்துக்கு நின்றாள். அக்காள் புருஷன் வீட்டில் விஷம் வைத்தவள் என்ற பேச்சு கிளம்பினால் அவளை எவன் கட்டுவான்? ஆகவே இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொண்டார்கள். வெளியே பார்க்கிறவர்களுக்கு மாமியார் மருமகள் ஒற்றுமை கண் கொள்ளாக் காட்சியாக இருந்தது.

அடுத்த வருஷம் தனம் உண்டானாள். மசக்கை வாட்டி எடுத்தது. ஆனாலும் முதல் தட்டு அவளுக்குத்தான். ஒரு கவளம் உள்ளே போகும், கொல்லைக்கு ஓடி வாந்தி எடுப்பாள். ஜகதாம்பாள் உடனே குழம்பையும் சோற்றையும் தூக்கிச் சாக்கடையில் கொட்டுவாள். "மசக்கைன்னுதான் தோணுது, இருந்தாலும்" என்பாள். அந்த இருந்தாலும் போதும். தனம் மறுபடி அடுப்பு மூட்டுவாள், மறுபடி தின்பாள், மறுபடி ஓடுவாள். பசியில் காது அடைத்துக் கூடத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் ஒரு நாள் அவள் கிணற்றடியில் உட்கார்ந்து சிரித்துவிட்டாள். அதற்கும் சந்தேகப்பட்டார்கள். அவளுக்கு ஆகாத பாகற்காயைக்கூட ஒதுக்கி வைக்க முடியாது. ஒரு சஷ்டி, கிருத்திகை என்று விரதம் இருக்கவும் முடியாது. அவள் சாப்பிடாவிட்டால் வீடே பட்டினி.

கொல்லையில் இருந்த கிழங்கையெல்லாம் நடராஜ் தோண்டி எரித்திருந்தான். ஆனால் அது அப்படி ஒழிகிற ஜாதியில்லை. மண்ணில் தங்கிய ஒரு துண்டு போதும், ஆவணி மழைக்கு வேலியோரம் பச்சையாக ஒரு குருத்து எட்டிப்பார்க்கும். ஜகதாம்பாள் கண்ணில் அது எப்படித்தான் முதலில் படுமோ. தனத்தைக் கூப்பிட்டுத் தோண்டச் சொல்வாள். கிழங்கைக் கழுவிக் காட்டச் சொல்வாள். கிழங்கை எரித்த பிறகு கையைக் காட்டச் சொல்வாள். வருஷா வருஷம் மழைக்காலம் இப்படித்தான் பிறந்தது.

நடராஜ் கெட்டவன் இல்லை. அதுதான் தனத்துக்குப் பெரிய சங்கடம். கெட்டவனாக இருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருப்பாள். தினம் பூ வாங்கிவருவான், அவளுக்குத் தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிடுவான். அவள் அந்த அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வான்.

"ஒரே ஒரு வார்த்த சொல்லிடுங்க மாமா. நான் ஒங்ககிட்ட சொன்னேன்னு. அது போதும் எனக்கு" என்று ஒரு நாள் கடைக்கே போய்க் கேட்டாள்.

"கொஞ்ச நாள் போவட்டும் தனம். இப்ப சொன்னா ஞானா என் மூஞ்சில முழிப்பாளா?"

கொஞ்ச நாள் போனது. மகள் மோகனப்பிரியா பிறந்தாள், தவழ்ந்தாள், பள்ளிக்கூடம் போனாள். நடுவில் ராசம்மாளுக்கும் கல்யாணமாகிவிட்டது. இனி ஊரில் சொன்னாலும் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் சொன்னால், இத்தனை வருஷம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்ததைத் தவிர அவள் வேறு ஒன்றும் செய்யவில்லை. அவன் அதைச் சொல்லிவிட்டால் எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடும் என்று திடமாக நம்பினாள். மாமியார் கண்கலங்குவாள், ஞானாம்பாள் வந்து கையைப் பிடித்துக்கொள்வாள் என்றெல்லாம் பாத்திரம் தேய்க்கும்போது மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பாள்.

ஒன்றாம் வகுப்பில் மோகனப்பிரியா ஒரு படத் தாளை வாங்கிவந்து கூடத்தில் விரித்தாள். மாநில விலங்கு, மாநிலப் பறவை, மாநில மலர். "பாட்டி, இது செங்காந்தள். நம்ம ஊட்டு வேலியில இருந்துச்சாமே, கார்த்யாயினி பாட்டி சொன்னாங்க. இப்ப ஏன் இல்ல?" ஜகதாம்பாள் எழுந்து உள்ளே போய்விட்டாள். ஞானாம்பாள் தலையை வாரிக்கொண்டிருந்தவள் சீப்பைக் கீழே வைத்தாள். குழந்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. பெரியவர்கள் வாயை மூடினால் பிள்ளைகள் கண்ணைத் திறந்துகொள்வார்கள் என்று அந்த வீட்டில் யாரும் யோசிக்கவில்லை.

2011 முடிகிற சமயத்தில் தானே புயல் அடித்தது. சிதம்பரத்தில் மரங்கள் விழுந்தன, கரண்டு போயிற்று. நாலு நாள் கழித்து ராசம்மாள் போன் பண்ணினாள்.

"தோப்புல ஒரு மரம் நிக்கலக்கா. அப்பா தோப்புலயே ஒக்காந்திருக்காரு. சாப்புட மாட்டேங்குறாரு, பேச மாட்டேங்குறாரு. நீ வந்தா எழுந்திரிப்பாரு."

தனம் அப்போதே புடவையை மடித்துப் பையில் வைத்துவிட்டாள். மாமியாரிடம் போய் நின்றாள்.

"அத்தை, அப்பாவப் பாத்துட்டு வரேன்."

"திருவாதிர முடியட்டும். பண்டிக நாள்ல நீ இல்லாம எப்பிடி? யாரு மொதல்ல சாப்புடறது?"

குலதெய்வத்துக்குப் படைக்க ஆள் வேண்டும் என்று சொல்கிற மாதிரி அத்தனை சாதாரணமாகச் சொன்னாள். தனம் பையைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். நாலு சுவரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வருகிற மாதிரி இருந்தது. அப்பா மண்ணில் உட்கார்ந்திருக்கிறார், தான் இங்கே தட்டின் முன்னால் உட்கார வேண்டும்.

திருவாதிரை அன்று அவள் களி கிண்டி, கூட்டு வைத்து இறக்கும்போது கார்த்யாயினி தன் வீட்டுக் களியைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்தாள். கிண்ணத்தை வைத்துவிட்டு உடனே போகாமல் நின்றாள்.

"ஒன் பேத்தி என்னா வெளையாட்டு வெளையாடுறா தெரியுமா ஜகதா? நேத்து எங்கூட்டு நடையில புள்ளைங்கள வச்சிக்கிட்டு சொப்புச் சாமான்ல சமைக்கிறா. நாந்தான் அம்மா, நான் மொதல்ல சாப்புடுவேன், நீங்கள்லாம் கடியாரத்தப் பாத்துக்கிட்டு இருங்க, நான் சாவலன்னா நீங்க சாப்புடலாம்னு சொல்றா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது."

அவள் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்ல ஆரம்பித்தாள். ஆனால் சொல்லும்போதே அடுப்படி வாசலில் தனியாக வைத்திருந்த ஒற்றைத் தட்டு அவள் கண்ணில் பட்டது. சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். ஏழு வருஷமாகப் பாதியே பார்த்தவளுக்கு அன்று முழுசாகத் தெரிந்துவிட்டது. "வரேன்" என்று முனகிவிட்டு விடுவிடுவென்று போய்விட்டாள்.

மோகனப்பிரியா தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துத் தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். நடராஜ் மகளையே பார்த்துக்கொண்டிருந்தான். கையிலிருந்த பேப்பரை மடித்துக் கீழே வைத்தான்.

"அம்மா. அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் பொய் சொன்னேன். அது வெஷம்னு தனம் எங்கிட்ட சொல்லித்தான் இருந்தா. நாந்தான் மறந்துபோய்த் தோண்டிட்டேன்."

தனம் கரண்டியோடு அப்படியே நின்றாள். ஏழு வருஷம் காத்திருந்த வார்த்தை வந்துவிட்டது.

"தெரியும்" என்றாள் ஜகதாம்பாள்.

நடராஜ் புரியாமல் விழித்தான்.

"பெத்தவளுக்குத் தெரியாதா? பொய் சொன்னா ஒனக்குக் கழுத்து செவந்துடும். அன்னிக்கே தெரியும். ஞானா அர உசுரா கெடந்தா. அண்ணன்தான் இப்பிடிப் பண்ணிட்டான்னு தெரிஞ்சா அண்ணன் தங்கச்சின்னு ஒண்ணு மிஞ்சுமா? யார் மேலயாவது போட்டாவணும். வந்தவ தாங்கிப்பான்னு நெனச்சேன்."

"அப்ப எதுக்கு அத்தை என்ன மொதல்ல சாப்புட வச்சீங்க?" என்றாள் தனம்.

"ஞானா சாப்புட மாட்டேன்னுட்டா. நீ சமைச்சதத் தொட மாட்டேன்னு அழுதா. நீ மொதல்ல சாப்புட்டாத்தான் அவ வாயில சோறு எறங்கிச்சி. அதுக்காவத்தான் ஆரம்பிச்சேன்." ஜகதாம்பாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போவப்போவ எனக்கே பயம் வந்துடுச்சி. ஒண்ணும் செய்யாதவள இத்தன நாளு வதைக்கிறோமே, என்னிக்காவது ஒரு நாள் இவ நெசமாவே செஞ்சிட்டா என்னா பண்றதுன்னு."

ஞானாம்பாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். இந்த வீட்டில் உண்மை தெரியாமல் இருந்தவள் தான் ஒருத்திதான் என்பது அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. அவள் அண்ணனைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

தனம் அடுப்படிக்குப் போனாள். அழுகை வரவில்லை. ஏதோ கதவு திறக்கும் என்று இத்தனை நாள் நின்றிருந்தாள். திறந்து பார்த்தால் அந்தப் பக்கம் இருந்தவர்கள் எல்லாம் தெரிந்துகொண்டேதான் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள். மூன்று தட்டை எடுத்துவந்து கூடத்தில் வரிசையாக வைத்தாள். களி வைத்தாள், பக்கத்தில் கூட்டை ஊற்றினாள். தனக்கு வைக்கவில்லை.

"இன்னிக்கு நீங்க மொதல்ல சாப்புடுங்க" என்றாள்.

ஜகதாம்பாள் தட்டைத் தன் பக்கம் இழுக்கவே இல்லை. நடராஜ் இழுத்துக்கொண்டான். களியில் கூட்டைப் பிசைந்தான், ஒரு கவளம் எடுத்தான். கை வாய்க்கருகே போய் நின்றுவிட்டது. நிமிர்ந்து பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான். அவள் மேல் தப்பில்லை என்று உலகத்திலேயே அவளுக்கு அடுத்தபடி நன்றாகத் தெரிந்தவன் அவன்தான். அவன் கண்ணிலும் அதே பயம்தான் இருந்தது. சாப்பிடலாமா என்று அவளிடம் கேட்கிற மாதிரி பார்த்தான். அதைப் பார்த்தபோது தனத்துக்கு உள்ளே ஏதோ அற்றுப்போயிற்று. பொய் சொன்ன அன்றுகூட அவளுக்கு அவன் மேல் இத்தனை வெறுப்பு வரவில்லை.

ஞானாம்பாள் நகர்ந்து வந்து தன் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை, கடிகாரத்தையும் பார்க்கவில்லை. கூட்டைத் தொட்டுக் களியை வாயில் போட்டு மென்று விழுங்கினாள். இன்னொரு வாய் எடுத்தாள்.

"கூட்டுல உப்பு கம்மியா இருக்கு அண்ணி" என்றாள்.

அந்த வீட்டில் ஏழு வருஷமாக யாரும் தனத்தின் சமையலில் உப்பு கம்மி என்றோ காரம் ஜாஸ்தி என்றோ சொன்னதில்லை. உயிர் போகுமா போகாதா என்று பார்க்கிறவர்களுக்கு உப்பு எங்கே தெரியும்? தனம் அடுப்படிக்குள் போய் உப்பு ஜாடியைத் தேடினாள். கண்ணெதிரே இருந்ததும் தெரியவில்லை, அத்தனை தண்ணீர் கண்ணில். முந்தானையைக் கடித்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுது தீர்த்துவிட்டு, ஜாடியைக் கொண்டுவந்து நாத்தனார் பக்கத்தில் வைத்தாள்.

பிறகு அலமாரியிலிருந்து பையை எடுத்தாள். மோகனப்பிரியாவுக்கு முகம் கழுவிவிட்டுச் செருப்பை மாட்டிவிட்டாள்.

"எங்கப்பாவப் பாக்கப் போறேன் அத்தை" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள்.

"எப்ப வருவ தனம்?" என்றான் நடராஜ்.

அவன் கையில் அந்தக் கவளம் இன்னும் அப்படியே இருந்தது.

"நீங்க சாப்புடுங்க மாமா" என்று சொல்லிவிட்டு, மகள் கையைப் பிடித்துக்கொண்டு பண்ருட்டி பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.